உப்புப் பக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?

ஜூன் மாதம் வந்தால் இலங்கையில் தேசிய போசணை மாதம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பதாகை கட்டுவார்கள், பாடசாலைகளில் இலைக்கஞ்சி காய்ச்சுவார்கள், கிளினிக் சுவரில் அரைவாசி மரக்கறியும் கால்வாசி சோறும் வைத்த சாப்பாட்டுத் தட்டின் படம் புதிதாக ஒட்டப்படும். இதில் எதுவும் பிழையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள் நம்மூர் ஊழியர்களுக்கு மனப்பாடம்: ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, 400 கிராம் மரக்கறியும் பழமும், கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அறிவுரை சரி, சொல்பவர்களின் அக்கறையும் உண்மை. ஆனால் 5 கிராம் என்பதை இங்கே கிழக்கில் ஆரையம்பதியிலோ காரைதீவிலோ ஒரு வீட்டுக் குசினி எப்படிக் கண்ணால் காணும்? தராசு கிடையாது. கரண்டியும் எல்லா வீட்டிலும் ஒரே அளவில்லை. உப்பு கையால் அள்ளிப் போடுவது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே வருடா வருடம் 'உப்பைக் குறையுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் மனதை விடாமல் உறுத்துகிறது.

கிளினிக்கில் உப்பைப் பற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வரிதான்.

"உப்புக் கூடப் போடுறீங்களாக்கா?"

"இல்ல மிஸ், அளவாத்தான் போடுற."

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அவரவர் நாக்குக்குப் பழகியதுதான் அவரவருக்கு அளவு. பிறசர் 160-க்கு மேல் நிற்பவரும் 'அளவா' என்பார், 120-இல் இருப்பவரும் அதையே சொல்வார். மிஸ் கார்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். இப்போது அதே இடத்தில் கேள்வியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

"வீட்டில எத்தின பேர் சாப்பிடுற? 400 கிராம் பக்கெட் ஒண்டு எத்தின நாளைக்கு வரும்?"

"அஞ்சு பேர் மிஸ். கிழமைக்கு ஒண்டு வாங்குவம்."

400 கிராமை 7 நாளால் பிரித்தால் நாளுக்கு 57 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 11 கிராமுக்கு மேல். இருக்க வேண்டியதில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கணக்கு அந்த அக்காவின் வாயாலேயே வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பேச்சின் திசையே மாறுகிறது. 'குறையுங்கள்' என்பதற்குப் பதிலாக 'ஏழு நாளைக்கு வந்த பக்கெட்டைப் பத்து நாளைக்குக் கொண்டு போங்க' என்று சொல்ல முடிகிறது. அது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்க்கக்கூடிய வேலை. அடுத்த மாதம் வரும்போது கேட்டுச் சரிபார்க்கவும் முடியும்.

பக்கெட்டுக் கணக்கு

நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம், 400 கிராம் பக்கெட் 20 நாள் வரவேண்டும். ஐந்து பேருக்கு 16 நாள், ஆறு பேருக்கு 13 நாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவரை ஓர் ஆளாகக் கணக்கிடலாம். ஒரு வயதாகாத குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அதன் சாப்பாட்டில் உப்புப் போடத் தேவையில்லை. இதெல்லாம் உடம்புக்குள் போகும் உப்பு முழுவதும் அந்தப் பக்கெட்டிலிருந்தே வருகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் கடைப் பாண், கருவாடு, மாசி, பிஸ்கட், ரோல்ஸ், கொத்து எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. பாணில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அதில் பாதியைச் சாப்பிடுபவர் கறியைத் தொடுவதற்கு முன்பே தன் அளவில் பாதியை முடித்துவிடுகிறார். ஆகவே தினம் பாண் வாங்கும் வீட்டில் நாலு பேருக்குப் பக்கெட் 25 நாளாவது போகவேண்டும்.

செய்முறை எளிது. பக்கெட்டை வெட்டும் அன்றே அதன் மேல் பேனாவால் திகதியை எழுதவேண்டும். முடிந்த அன்று வெறும் பக்கெட்டை எறியாமல் முடிந்த திகதியையும் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டு வரச் சொல்லவேண்டும். எழுத வராதவர் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டால் போதும். கடையில் கடனுக்கு வாங்கும் வீடு என்றால் இன்னும் சுலபம். கடைக்காரர் எழுதும் கொப்பியில் உப்பு, சீனி, மா எல்லாம் திகதியோடு ஏற்கனவே இருக்கிறது. 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டு நிரப்பும் படிவத்தை விட அந்தக் கடன் கொப்பியை நான் நம்புவேன்.

பிழைக்கும் இடங்களும் உண்டு, முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மீன் கழுவ, கருவாடு போட, தேசிக்காய் ஊறுகாய்க்கு, மாட்டுக்கு, தென்னைக்கு என்று உப்பு வேறு வழிகளிலும் போகும். அதற்கு வேறு பக்கெட் வைக்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் கூடிக் காட்டும். மறுபக்கம், ஆண்கள் பகல் முழுக்க வெளியே சாப்பிடும் வீட்டில் பக்கெட் ஒரு மாதம் வந்தாலும் அந்த ஆளின் பிறசர் இறங்காது. கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்து ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 100 கிராம் உப்பைப் போட்டு, மொத்தம் அரை லீற்றர் வரும்வரை தண்ணீர் விட்டுக் கரைத்தால், 5 மில்லிலீற்றர் மருந்துக் கரண்டி ஒன்றில் சரியாக ஒரு கிராம் உப்பு. பாணி மருந்தோடு வரும் பிளாஸ்டிக் கரண்டி அநேகமாக எல்லா வீட்டிலும் கிடக்கும்.

எங்கே குறைப்பது என்பதில்தான் சமையல் தெரிந்தவரின் புத்தி வேண்டும். காலைச் சாப்பாட்டை எடுங்கள். பிட்டுக்கு மா குழைக்கும்போது உப்பு, சொதிக்கு உப்பு, சம்பலுக்கு உப்பு என்று ஒரே வேளையில் மூன்று தரம். மூன்றையும் சேர்த்துக் குறைத்தால் சாப்பாடு சப்பென்று போய், வீட்டில் சண்டை வரும், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். முதல் இரண்டு கிழமை மாவில் போடும் உப்பை மட்டும் நிறுத்த வேண்டும். சம்பலும் சொதியும் கூட இருப்பதால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு கிழமை சொதியில் கால்வாசி குறைத்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கூட்டவேண்டும். சம்பலைக் கடைசியாகத்தான் தொடவேண்டும், அது நாக்கில் நேராகப் படுவது. மீன் கறிக்குக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் உள்ளியும் கூடினால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. நாக்குப் பழகச் சில கிழமைகள் எடுக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதியில் கைவிடுவது குறையும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரை இரண்டு தரம் ஊற்றிவிட்டுச் சமைக்க வேண்டும். மேசையில் உப்புப் பேணி இருக்கக் கூடாது. குசினியில் மருமகள் மிச்சம் பிடித்ததை மாமியார் மேசையில் அள்ளிப் போட்டால் கணக்குக்கு அர்த்தமில்லை. ஆகவே தாய்மார் ஆதரவுக் குழுவுக்கு இளம் தாய்மாரை மட்டும் கூப்பிடாமல் மாமியாரையும் கூப்பிடச் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. அயடீன் கலந்த உப்பைத்தான் வாங்கவேண்டும், குறைக்க வேண்டியது அளவை மட்டும். சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பைக் கடையில் கண்டு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களோ எனலப்ரில், லொசாட்டன் போன்ற பிறசர்க் குளிசை எடுப்பவர்களோ வைத்தியரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து.

சீனிக்கும் இதே வழி. தேத்தண்ணிக் கோப்பை ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 10 கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை குடித்தால் 50 கிராம், ஒருவருக்கான மேல் எல்லை அதோடு முடிந்தது. நல்லது 25 கிராமுக்குள் நிற்பது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ என்பது அந்தக் கணக்கு, 6 கிலோவைத் தாண்டினால் கட்டாயம் பேசவேண்டும். சோடாப் போத்தலில் 2016 முதல் இருக்கும் நிற அடையாளத்தைப் பிள்ளைகள் பெரியவர்களை விட நன்றாக வாசிக்கிறார்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பனங்கட்டியும் தயிருக்கு ஊற்றும் பாணியும் சீனிக் கணக்கில்தான் சேரும். 'அது நல்லது, ஒண்டும் செய்யாது' என்று சீனி வருத்தக்காரர்கள் எடுப்பது இங்கே பரவலான பழக்கம்.

பக்கெட் சொல்லாதவை

எல்லாவற்றையும் இப்படி அளக்க முடியாது. தேங்காய் வளவில் விழுகிறது, மீனில் ஒரு பங்கு வாவியிலிருந்து வருகிறது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. கடைக் கொப்பியில் இவை வராது. சோற்றுக்குச் சுண்டுதான் அளவு. ஒரு சுண்டு அரிசி சுமார் 200 கிராம், ஏறக்குறைய 700 கலோரி. உலையில் எத்தனை சுண்டு, எத்தனை பேர், மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் போதும்.

சோற்றைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. நெற்கதிரை அரிவாளால் வெட்டி, உப்பட்டி கட்டி, தலையில் சுமந்து வந்து சூடாகக் குவித்து அடித்த காலத்தில் அந்தச் சோறு அந்த உடம்புக்குத் தேவைப்பட்டது. இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிச் சில மணித்தியாலத்தில் நெல்லை மூட்டையாகத் தருகிறது. உழைப்புக் குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் பெரிய பிழை நடக்கும். ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு. ஒன்றில் கூலிக்குக் களை பிடுங்கப் போகும் தாய், மற்றதில் கடையில் இருந்தபடி வியாபாரம் பார்க்கும் அக்கா. இருவரும் 1.50 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு 42 கிலோவுக்குக் கீழே போனால் நிறை குறைவு, நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 52 கிலோவுக்கு மேல் போனாலே நிறை கூடத் தொடங்கிவிட்டது. சுவரில் ஒட்டிய படம் இருவருக்கும் ஒன்றுதான். 40 கிலோ உள்ள தாய் அதைப் பார்த்துச் சோற்றைக் குறைத்தால், மரக்கறி வாங்கவும் காசில்லாமல், தட்டு வெறுமையாகிவிடும். அவருக்குச் சொல்லவேண்டியது வேறு: சோறு அப்படியே இருக்கட்டும், அதோடு பருப்போ கௌபியோ பயறோ ஒரு பிடி, நெத்தலியோ சூடையோ தலையோடு முள்ளோடு, முருங்கையிலை வறையும் அதற்குத் தேசிக்காய்ப் புளியும். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர் அதைத் தேத்தண்ணியோடு சேர்க்காமல் தள்ளி எடுக்க வேண்டும். நிறுத்துப் பார்க்காமல் யாருக்கும் எதையும் குறைக்கச் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா விஷயத்தில் பக்கெட்டுக் கணக்கு இன்னொரு விதமாகப் பேசும். 750 கிராம் பக்கெட் மாதம் இரண்டு, நாளுக்கு 50 கிராம் வீதம் ஒரு பக்கெட் 15 நாள் வரவேண்டும். ஐந்து நாளில் முடிந்துவிட்டது என்று ஒரு தாய் சொன்னால், அக்காமாரும் அண்ணன்மாரும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்று அந்தத் தாயை ஏசுவது மிகப் பெரிய அநியாயம். பசித்த நாலு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயாலும் முடியாது. வேகமாக முடியும் பக்கெட் அந்த வீட்டிலேயே சாப்பாடு போதவில்லை என்பதைச் சொல்கிறது. அதைக் கிராம உத்தியோகத்தருக்கும் சமுர்த்தி, அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டங்களின் வேலை பார்க்கும் உத்தியோகத்தருக்கும் அந்தக் கிழமையே தெரியப்படுத்த வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிக் கோடு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நடை

'தினமும் அரை மணித்தியாலம் நடவுங்க' என்று சொல்வது சுலபம். எங்கே, எப்போது, யாரோடு என்று சொல்லாவிட்டால் அது நடக்காது. மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவருக்குக் கல்லடிப் பாலமும் கடற்கரையும் இருக்கிறது. ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ ஒழுங்கைக்குள் இருக்கும் பெண்ணுக்கு நாலரை மணிவரை வெயில், ஆறரைக்கு இருட்டு, நடுவில் பிள்ளைகளின் ரியூஷன், பின்னேரத் தேத்தண்ணி, நாய்கள், ஊர்க் கண்கள். தனியாக நடக்கச் சொன்னால் இரண்டாம் நாளே நின்றுவிடும். நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே ஒழுங்கையில் இருப்பவர்களாக, ஒருவர் வீட்டுப் படலையைத் தட்டி மற்றவரைக் கூட்டிப் போகும்படி அமைத்தால்தான் நிற்கும். அரை மணித்தியாலம் ஒரேயடியாக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்யவேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் எடுத்துவிட்டது. பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு விடப் போகும் நடையும் சேரும். வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி: நடந்துகொண்டே கதைக்க முடியவேண்டும், பாட முடியக் கூடாது.

தொடங்கும் மாதம் முக்கியம். கார்த்திகையில் தொடங்கும் நடைக்குழு தை மாதத்தில் இருக்காது. மழை ஒழுங்கையை மூடிவிடும், பாதிப் பேர் வெள்ளத்தோடு மல்லுக்கட்டுவார்கள். மாசி, பங்குனியில் தொடங்கினால் மழை வருமுன் ஏழெட்டு மாதம் கிடைக்கும், பழக்கமும் வேர்விடும். மழைக் காலத்துக்குப் பலநோக்கு மண்டபத்தில் கும்மியும் கோலாட்டமும் வைக்கலாம். இளைஞர்களுக்கு வடமோடிக் கூத்துப் பழக்கம் இருக்கும் ஊரில் வேறு உடற்பயிற்சி தேடவே வேண்டாம். சதங்கை கட்டி ஒரு மணித்தியாலம் ஆடிப் பார்த்தவருக்கு அது எவ்வளவு கடுமையான உழைப்பென்று தெரியும்.

முழங்கால் நோவென்று ஒழுங்கை முனைக்கும் நடக்காதவர்கள் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். உகந்தையில் காட்டுக்குள் இறங்கி நாட்கணக்கில் நடக்கிறார்கள். அந்த நேர்த்திக்கடனின் பலத்தைச் சுகாதாரத் துறை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். யாத்திரைக்கு எட்டுக் கிழமைக்கு முன்பே ஊர்க் கோயிலில் பெயர் பதிந்து, முதல் கிழமை 15 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிப் போகலாம். அதோடு சீனியும் பிறசரும் பார்த்துவிடலாம். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கக் கூடாது. கால் மரத்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது, தினமும் இரவில் உள்ளங்காலை இன்னொருவர் வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். குளிசையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றும் வரும். அப்போது உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் இருந்து, குறையாவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், 'வாய்வு' என்று சோடா குடித்து இருக்கக் கூடாது.

ஆண்கள் எங்கே?

2011 முதல் நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இருக்கின்றன. நிறை, இடுப்புச் சுற்றளவு, பிறசர், சீனி எல்லாம் இலவசம். வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காரணம் தேட ஆராய்ச்சி வேண்டாம். நிலையம் கிழமை நாளில் காலையில் திறக்கிறது, கூலிக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை இழந்தால்தான் வரமுடியும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், துறையில் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறி, பஸ் பிடித்து வருபவர் பத்து மணிக்குப் பசியில் திரும்பிப் போய்விடுவார். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போகவேண்டும்: மீன்வாடிக்கு வள்ளம் கரைக்கு வரும் நேரம், ஜும்ஆ முடிந்த பள்ளிவாசல் முற்றம், சந்தை கலையும் நேரம், நெல் ஆலை. வெறும் வயிற்றில் வராதவருக்கு அன்றைக்குக் குத்திப் பார்க்கும் சீனிப் பரிசோதனையைச் செய்து, கூடியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றோடு திரும்ப வரச் சொல்லலாம்.

வெளிக் கிளினிக்கில் அளவுகள் கெடும் இடங்கள் சில. இடுப்பைச் சாறன் மடிப்புக்கு மேலே அளந்தால் பல சென்ரிமீற்றர் கூடிவிடும். மடிப்பை இறக்கி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டு முடியும்போது நாடாவைப் பிடிக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. வலை இழுத்துவிட்டு வந்த கையோடு பிறசர் பார்த்தால் அது கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் பட இருக்கவேண்டும், அதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குள் பீடியோ தேத்தண்ணியோ வெற்றிலையோ கூடாது. பட்டி கையின் பருமனுக்குப் பொருந்தவேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவது ஒன்றில் தாங்கி இருக்கவேண்டும். இரண்டு தரம் எடுக்கவேண்டும். 140-க்கு 90-ஐத் தொட்டவர்களை வேறொரு நாளில் மறுபடி பார்க்கவேண்டும். அந்த நாள் எது, எந்த நேரம், எந்த இடம் என்பதை அங்கேயே அட்டையில் எழுதி, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிவிட்டுத்தான் அடுத்தவரின் கையில் பட்டியைக் கட்டவேண்டும்.